வெள்ளைக் குட்டி சாப்பிடவில்லை

பாம்பு பால் குடிக்காது.

இந்த மூன்று வார்த்தையைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. தமிழில் சொன்னேன், மலையாளத்தில் சொன்னேன், கையை ஆட்டியும் சொன்னேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு டம்ளர் பாலோடு வாசலில் நிற்பார்கள். கடைசியில் அந்தப் பாலை யார் குடிப்பது? நான்தான். "வீணாக்கக் கூடாது" என்று அம்மா என்னிடம்தான் நீட்டுவார். எனக்குப் பால் என்றாலே குமட்டும்.

என் பெயர் ஹாதியா. ஆறாம் வகுப்பு. மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் மணக்கிற ஒரு குறுகலான தெருவில் எங்கள் வீடு. கதவைத் திறந்தால் நேராகத் தெருதான். முன்னறை ஒன்று, படுக்கிற அறை ஒன்று, பின்னால் தகரக் கூரை போட்ட சமையலறை. அவ்வளவுதான் வீடு.

மற்றவர்களின் அண்ணன்கள் பூனை வளர்க்கிறார்கள், கிளி வளர்க்கிறார்கள். என் அண்ணன் ஃபயாஸ் பாம்பு வளர்க்கிறான்.

உடனே பயந்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைக்கக் கூடாது. வைத்தால் வனத்துறை சும்மா விடாது. எங்கள் வீட்டில் இருப்பது கார்ன் ஸ்நேக் என்ற வெளிநாட்டு வகை. விஷம் கிடையாது. மனிதர்கள் வளர்த்த பாம்புக்குப் பிறந்து, பெட்டியிலேயே வளர்ந்தவை. அரசாங்கத்தில் பதிவு செய்த காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அண்ணன் சுவரில் மாட்டியிருக்கிறான். என் ஓட்டப்பந்தயச் சான்றிதழுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அது அலமாரிக்கு மேலே தூசி தின்கிறது.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "முன்னறையைத் தாண்டி அது ஒரு அடி உள்ளே வந்தா, பாம்பும் வெளியே, நீயும் வெளியே."

பெரிய பாம்பு இரண்டு. இரண்டும் ஆரஞ்சு நிறம், மேலே கறுப்புக் கரை கட்டின சிவப்புத் திட்டு. இந்த வருஷம் பெண் பாம்பு முட்டை போட்டது. இரண்டு மாதம் கழித்துப் பன்னிரண்டு குட்டி பொரித்தது. ஏழு குட்டி அப்படியே அம்மா மாதிரி. மூன்று, கறுப்பே இல்லாத செம்மஞ்சள். ஒன்று, சிவப்பே இல்லாத சாம்பல். கடைசியாக முட்டையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது ஒரு வெள்ளைத் தலை. ரோஜா நிறக் கண்.

அண்ணன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "நாலு வருஷம் ஹாதியா! இதுக்காக நாலு வருஷம் காத்திருந்தேன்!"

"அம்மாவும் அப்பாவும் ஆரஞ்சு. இது மட்டும் எப்படி வெள்ளையா வந்துச்சு?"

அண்ணன் எங்கள் ஊர் பிராட்வே கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். அதனால் எதைக் கேட்டாலும் பிரிண்டரில் கொண்டு வந்துதான் நிறுத்துவான்.

"எங்க கடை பிரிண்டர்ல கறுப்பு மை தீர்ந்துபோனா படம் செக்கச்செவேல்னு வரும். சிவப்பு தீர்ந்தா சாம்பலா வரும். ரெண்டும் தீர்ந்தா?"

"வெள்ளைத் தாளா வரும்."

"அதேதான். இந்தக் குட்டி உடம்புக்குக் கறுப்பு மையும் செய்யத் தெரியாது, சிவப்பு மையும் செய்யத் தெரியாது. அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் அந்தக் குறை இருந்திருக்கு, வெளியே தெரியல. பதினாறு குட்டி பொரிச்சா ஒண்ணு இப்படி வரலாம். வராமலும் போகலாம். நமக்கு வந்துடுச்சு!"

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சீனியக்கா ஜன்னல் வழியாகப் பார்க்கும் வரைக்கும்.

சீனியக்காவின் முழுப் பெயர் சீனியம்மாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் தெருக்கோடியில் இருக்கிற சுக்குக் கிடங்கில், நல்ல சுக்கையும் பூச்சி அரித்த சுக்கையும் பிரிக்கிற வேலை. ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நின்றார். செருப்பைக் கழற்றினார். நான் ஜன்னலுக்கு ஓடினேன்.

"தாயி! நாகம்மாவே வந்து உக்காந்திருக்கா!"

"நாகம்மா இல்ல சீனியக்கா. இது கார்ன் ஸ்நேக். இதுக்கு மை தீர்ந்துபோச்சு."

"என்ன மை?"

கறுப்பு, சிவப்பு, பிரிண்டர், பதினாறில் ஒன்று என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஆமா, சாமிக்கு எதுக்கு மை?" என்றார்.

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்!

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கிடங்கிலிருந்து ஒன்பது பெண்கள் வந்தார்கள். சாயங்காலம் இருபது பேர். எதிர்ச் சாயாக்கடை ரமேஷ்பாபு சேட்டன், கடையை விட்டுவிட்டு ஓடிவந்து வீடியோ எடுத்தார். 'மட்டாஞ்சேரியில் வெள்ளை நாகம்' என்று போட்டுவிட்டார். நாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. சுருண்டு படுத்தால் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்குகிற குட்டி அது! வைப்பின் தீவிலிருந்து படகு ஏறி வந்து பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு அவர் கடையில் சாயா குடிக்கிறார்கள். சேட்டனுக்கு ஒரே கொண்டாட்டம்.

வருகிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. ஜன்னல் கம்பியைத் தட்டுவார்கள். கம்பிக்குள் கையை விட்டு, ஜன்னலோரம் இருந்த வெள்ளைக் குட்டியின் கண்ணாடிப் பெட்டியை டொக் டொக் என்று தட்டுவார்கள். "இங்க பாரு, இங்க பாரு" என்று குட்டியைக் கூப்பிடுவார்கள், அதற்கென்னவோ தமிழ் தெரிகிற மாதிரி.

பிறந்து பத்து நாளில் குட்டிகள் முதல் சட்டையை உரித்தன. அதற்குப் பிறகுதான் முதல் சாப்பாடு. அண்ணன் சுண்டெலிக் குஞ்சுகளைக் கடையில் ஐஸ் வைத்து வாங்கி வருவான். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதற்கென்றே ஒரு பழைய குட்டி ஃபிரிட்ஜ் முன்னறையில் இருக்கிறது. எங்கள் ஐஸ்கிரீம் இருக்கிற ஃபிரிட்ஜில் அது நுழைந்தால் என்ன ஆகும் என்று அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்.

பதினொரு குட்டியும் லபக் லபக் என்று முழுங்கின. வெள்ளைக் குட்டி மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டது. நாலு நாள் கழித்து மறுபடி வைத்தான். அப்போதும் தொடவில்லை. மூன்றாவது தடவையும் அப்படியே. மற்ற குட்டிகள் பென்சில் மாதிரி ஆகிவிட்டன. இது நூல் மாதிரி இளைத்துக்கொண்டே போனது.

அண்ணன் டாக்டர் ஹரிநாராயணனுக்குப் போன் போட்டான். ஆலுவாவில் இருக்கிற மிருக டாக்டர் அவர்.

"பின்னாடி என்ன இத்தனை பஹளம், கூச்சல்?" என்று கேட்டார்.

"ஜனங்க டாக்டர். பாம்பு பார்க்க வந்திருக்காங்க."

"பின்னே எப்படிச் சாப்பிடும்? பாம்பு சத்தத்தை உடம்பாலேயே உணரும். தட்டினா அதுக்கு இடி விழுந்த மாதிரி. பயந்த குட்டி வாயைத் திறக்காது. நாலஞ்சு நாள் யாரும் தட்டாம, எட்டிப் பார்க்காம இருட்டா வை. அப்புறம் சாப்பாடு வை."

"உங்ககிட்ட கொண்டு வரட்டுமா டாக்டர்?"

"வேண்டாம் வேண்டாம். பஸ்ஸில குலுக்கிட்டு வந்தா இருக்கிற தெம்பும் போயிடும். இன்னும் பத்து நாளுக்குள்ள சாப்பிடலேன்னா... பார்க்கலாம்."

பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் அது நல்ல செய்தி இல்லை. அது எனக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். ஒரு வாய்கூட வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் அதிகமாக வந்தது.

முதலில் ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டினேன். மலையாளத்தில் அழகாக எழுதினேன். தமிழில் கொஞ்சம் கோணலாக எழுதினேன், பள்ளிக்கூடத்தில் மலையாளம்தானே படிக்கிறோம். 'பாம்பைத் தொந்தரவு செய்யாதீர்கள்.' அவ்வளவுதான். இந்த வீட்டில்தான் பாம்பு என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ரொம்ப உதவியாகப் போய்விட்டது.

அடுத்ததாக அண்ணன், "கிட்ட வராதீங்க, கடிக்கும்!" என்று சொல்லிப் பார்த்தான். பெரியவர்கள் இரண்டு பேர் பின்வாங்கினார்கள். பையன்கள் இருபது பேர் கூடுதலாக வந்தார்கள்.

மூன்றாவதாகக் கதவைச் சாத்தினோம். ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டினோம். பெட்டிமேல் கறுப்புத் துணியைப் போட்டோம். அப்பாடா என்று உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வெளியே முணுமுணுப்புக் கேட்டது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். வரிசையாக நிற்கிறார்கள்!

"என்ன நிக்கிறீங்க? வீடு பூட்டியிருக்கு" என்று உள்ளேயிருந்தே கத்தினேன்.

"நடை சாத்தியிருக்கு மோளே. திறக்கிற வரைக்கும் நிக்கிறோம், பிரச்சினை இல்ல" என்று யாரோ பவ்யமாகச் சொன்னார்கள்.

வரிசையில் நின்றவர்களுக்கு ரமேஷ்பாபு சேட்டன் சாயா விற்றுக்கொண்டிருந்தார். வரிசையில் முதல் ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? சீனியக்கா. கையில் டம்ளர்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"சீனியக்கா! நீங்கதான் முதல்ல ஆரம்பிச்சீங்க! உங்களாலதான் எல்லாரும் வர்றாங்க. அது சாப்பிட மாட்டேங்குது. செத்துப்போகப் போகுது. அப்புறம் வந்து யாரைப் பார்ப்பீங்க?"

சீனியக்கா டம்ளரைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு உடனே, ஐயோ, இவ்வளவு கத்தியிருக்க வேண்டாமே என்று தோன்றியது. ஆனால் கத்தியாகிவிட்டது.

"நான் அதுக்குக் கெடுதல் நினைப்பேனா தாயி?" என்றார். "எம் மக பாண்டிச்செல்விக்கு இந்த மாசம் பேறுகாலம். தலைப்பிரசவம். பக்கத்துல இருக்கணும். குழந்தை பிறந்தாத்தான் லீவுன்னு கிடங்குல சொல்லிட்டாங்க. ஊருக்குப் போயி நாகம்மாவுக்குப் பால் ஊத்தணும்னு வேண்டியிருந்தேன். போக முடியலையேன்னு அழுதுட்டுக் கிடந்தேன். இங்க ஜன்னல்ல பார்த்தா வெள்ளையா... எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபமாக இருக்கும்போது எதிராளி அழுதுவிட்டால் ரொம்பக் கஷ்டம். கோபத்தை வைக்க இடமே இல்லாமல் போய்விடும்.

கீழே இருந்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு கேட்டேன்.

"சீனியக்கா, உங்க மகளுக்குக் குழந்தை பிறந்த மறுநாளே இத்தனை பேர் வந்து, தொட்டிலைத் தட்டித் தட்டிப் பார்த்தா நீங்க என்ன செய்வீங்க?"

"தட்டுவாங்களா?" சீனியக்கா சட்டென்று நிமிர்ந்தார். "கையை உடைச்சிருவேன்! வாசல்ல வேப்பிலையைச் சொருகிட்டு நானே குறுக்க உக்காந்துருவேன். பச்சப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ள ஒரு மாசம் யாரு நுழைவா?"

"இதுக்கும் இன்னும் ஒரு மாசம் ஆகல அக்கா" என்றேன். "இதுவும் பச்சப்பிள்ளைதான்."

சீனியக்கா என்னைப் பார்த்தார். செய்தித்தாள் ஒட்டிய ஜன்னலைப் பார்த்தார். திரும்பி வரிசையைப் பார்த்தார். சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"ஏய்! என்ன வேடிக்கை? பிள்ளை பெத்த வீட்டைப் பார்த்ததில்லையா? போங்க எல்லாரும்!"

கிடங்குப் பெண்கள் ஓடிப்போய், கிடங்குச் சுவருக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து வந்தார்கள். சீனியக்கா அதை எங்கள் நிலையில் சொருகினார். தமிழ்க்காரர்கள் வேப்பிலையைப் பார்த்த உடனேயே குரலைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். புரியாதவர்களுக்குச் சீனியக்கா புரிய வைத்தார். அவர் புரிய வைக்கிற விதத்தைத் தள்ளி நின்று பார்ப்பதுதான் நல்லது.

வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம், மத்தியானம், வேலை முடிந்த பிறகு இருட்டுகிற வரைக்கும் எங்கள் வாசற்படியில் அவர் குறுக்கே உட்கார்ந்தார். அவர் இல்லாத நேரத்துக்குக் கிடங்கிலிருந்து முறை வைத்து ஆள் அனுப்பினார். ரமேஷ்பாபு சேட்டன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஒரே ஒரு வீடியோ..."

"உன் கடையில அந்த டம்ளரை முதல்ல மெதுவா வை. இங்க வரைக்கும் கணீர் கணீர்னு கேக்குது. பிள்ளை தூங்க வேணாமா?"

சேட்டன் திரும்பிப் போனார். அன்றிலிருந்து டம்ளருக்கு அடியில் துணி விரித்து வைத்தார்.

ஒரே ஒரு சங்கடம் வந்தது. பிள்ளை பெற்ற வீடு என்றதும் அடுத்த தெருக்காரர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். அம்மா மீன் வாங்கப் போன இடத்தில், "பீவி, சொல்லவே இல்லையே! ஆணா, பொண்ணா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் குழந்தைச் சோப்புகூட வாங்கிக் கொடுத்துவிட்டார். அம்மா அந்தச் சோப்பை அண்ணன் முன்னால் டொப்பென்று வைத்துவிட்டு மூன்று மணி நேரம் யாரிடமும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அண்ணன் பெட்டிக்குள் சுண்டெலிக் குஞ்சை வைத்தான். மூடினான். துணியைப் போட்டான்.

"எட்டிப் பார்க்காதே" என்றான்.

"நீ பார்க்காம இருந்தா போதும்" என்றேன்.

காலையில் விடிந்ததும் அண்ணன் துணியை விலக்கினான். என்னால் பார்க்க முடியவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அண்ணனிடமிருந்து சத்தமே இல்லை. திறந்து பார்த்தால், அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறான். கண்ணில் தண்ணீர். பெட்டிக்குள் குஞ்சைக் காணவில்லை. வெள்ளைக் குட்டி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. நூல் மாதிரி இருந்த உடம்பின் நடுவில், பட்டாணி விழுங்கினது போல ஒரு புடைப்பு.

நான் சத்தம் போடாமல் வாசலுக்கு ஓடினேன். சீனியக்கா அதற்குள் படியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டுடுச்சு அக்கா!" என்று அவர் காதில் சொன்னேன். "வாங்க, ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க."

"நானா? வேண்டாம் தாயி. நான் எட்டிப் பார்த்து, மறுபடி பயந்துக்கிட்டா?"

"ஒண்ணும் ஆகாது. நானே கூப்பிடுறேன்ல."

"வேண்டாம்னா வேண்டாம். ஒரு மாசம் ஆகட்டும்."

பாருங்கள்! வரக்கூடாது என்று கெஞ்சினபோது நூறு தடவை வந்தார். வாங்க என்றால் வரமாட்டேன் என்கிறார். இவர்களோடு என்னதான் செய்வது? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, விரல் நுனியில் நடந்து வந்து, மூன்று விநாடி பார்த்தார்.

"வயிறு ரொம்பியிருக்கு" என்று கிசுகிசுத்தார். "போதும். மூடு மூடு."

அப்படியே விரல் நுனியில் வெளியே போனார். வாசற்படி தாண்டியதும் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, "பிள்ளை சாப்பிட்டுருச்சுடீ!" என்று கத்தினார். உள்ளே பெட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் பாண்டிச்செல்வி அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சீனியக்கா அன்றைக்கே சாத்தூருக்குக் கிளம்பினார். போகும்போது வாசல் காவலை ரமேஷ்பாபு சேட்டனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஊரிலிருந்து போன் செய்தார். குழந்தை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள், "அங்க பிள்ளை சாப்பிட்டுச்சா?" என்று அவர் கேட்டுவிட்டார்.

வெள்ளைக் குட்டி இப்போது வாரம் தவறாமல் சாப்பிடுகிறது. நான் பள்ளிக்கூடம் போகும்போது சாயாக்கடையில் சேட்டன் கேட்கிறார், "பிள்ளை சாப்பிட்டுச்சா?" கிடங்கு வாசலில் பத்துப் பேர் கேட்கிறார்கள், "சாப்பிட்டுச்சா?" மீன்காரரும் ஆட்டோக்காரரும்கூட வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் நின்று பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தினமும் முதல் பீரியட் போகிறது.

இத்தனை பேரில் ஒருவராவது, "ஹாதியா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்க வேண்டுமே!